ஏரிக்குப் போன உரம்

1991, ஐப்பசி. செவ்வாய்க்கிழமை இரவு.

காலையில் என் வீட்டுக்காரர் நெல் வயலில் டி.ஏ.பி. உரம் தூவினார். மதியம் போய்ப் பார்த்தால் மடை திறந்து கிடக்கிறது. உரத் தண்ணீர் கீழ் வயலில் பாய்ந்து, வாய்க்கால் வழியாக ஏரிக்கு ஓடிக்கொண்டிருந்தது. மடையை அடைத்துவிட்டு, கோபத்தோடு கீழ் வயல் கன்னியப்பனைக் கேட்டேன்.

"எனக்கு இன்னா அண்ணி தெரியும்? உரம் போட்டா மடையில நொச்சிக் கொத்து சொருவி வெப்பீங்க. ஒண்ணும் இல்ல, அதான் தண்ணி தொறந்தேன்."

கொத்து வைத்தேன் என்று என் வீட்டுக்காரர் சத்தியம் செய்தார். நொச்சிக்கு அவ்வளவு தூரம் நடக்கச் சோம்பல்பட்டு, பக்கத்துப் பூவரசை ஒடித்துச் செருகியிருக்கிறார். நொச்சியை ஆடு தொடாது. பூவரசை விடுமா? வரப்பில் ஆட்டைக் கட்டியது நான். மடையோரம் வெறும் குச்சி நின்றது.

கன்னியப்பன்தான் சிரித்தார். "உடுங்க அண்ணி. கொஞ்சம் என் பயிரு துன்னும். மீதி ஏரில பாசியா வரும். வாரிக்கினு வந்து உங்க வயல்லயே போட்டுடலாம்."

ஏரி நிரம்பி வழிந்தால் அடையாற்றில் கலந்து கடலுக்கல்லவா போய்விடும். பாசி மண்டினால் மீன் மூச்சு முட்டிச் சாகும் என்று ரேடியோவில் சொன்னார்கள். நல்லவேளை, ஏரி இன்னும் பாதிகூட நிரம்பவில்லை.

இப்போது தூறல். சாயங்காலமே இவர் போய் ஒரு கட்டு நொச்சி ஒடித்து வந்து வாசலில் போட்டிருக்கிறார். ஆடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டது.