பாறையில் இல்லாத ஈயம்

என் ஷமீம் ராத்தாவுக்கு,

நியூ ஜெர்சியில் நேற்று முதல் பனி விழுந்தது. லேபில் உன் மேசை காலியாகத்தான் இருக்கிறது. யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை?

தொண்ணூற்றாறில் நான் இங்கே படிக்க வந்தபோது, லேபில் தமிழ் பேசும் ஒரே ஆள் நீதான். உன் தங்கைகள் ஃபோனில் ராத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டு, நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தேன். நீ கடலடிச் சேற்றிலிருந்து மணலளவுச் சிப்பிகளைப் பொறுக்குவாய். அவற்றிலுள்ள கனமான ஆக்சிஜனையும் லேசான ஆக்சிஜனையும் அளந்து, லட்சம் வருஷத்துக்கு முன் கடல் எவ்வளவு குளிர்ந்திருந்தது என்று சொல்வாய். நான் கடலடி எரிமலைப் பாறைகளைக் கரைத்து, அவற்றிலிருக்கும் ஈயத்தை வைத்து பூமியின் ஆழத்தை, மேன்டிலை, படிக்கப் பார்த்தேன். சனிக்கிழமைகளில் உன் காரில் ஐசலின் ஊரின் இந்தியக் கடைகளுக்குப் போய் மளிகை வாங்கி வருவோம்.

அப்புறம் அந்த ஐந்து பாறைகள். அக்கம்பக்கத்துப் பாறைகள் எதிலும் இல்லாத மாதிரி ஈயம் அவற்றில் வந்தது. பெரிய கண்டுபிடிப்பு என்று துள்ளினேன். என் தீசிஸே அதன்மேல்தான் நின்றது.

நீ என் எண்களை ரொம்ப நேரம் பார்த்தாய். "இது மேன்டில்ல இருந்து வந்த ஈயம் இல்லம்மா. நம்ம லேப் ஈயம். ஒரு தடவை பிளாங்க் ஓட்டிப் பாரு" என்றாய். பாறையே போடாமல் வெறும் அமிலத்தை மட்டும் எல்லாப் படிகளிலும் ஓட்டிப் பார்ப்பது. அரை நாள் வேலை.

"உனக்குப் பொறாமை, ராத்தா" என்றேன்.

அதன் பிறகு நான் பேசவில்லை. ஒரே அறையில், நாலு மாதம். நீ இளைத்துக்கொண்டே போனதைப் பார்த்தேன். நோன்பு என்று நினைத்துக்கொண்டேன். லீவு போட்டு சான்டா கிளாராவில் உன் அண்ணன் வீட்டுக்குப் போனாய். என்ன ஏது என்று கேட்கவில்லை. கணையத்தில் புற்றுநோய் என்பதும், நீ இறந்துவிட்டாய் என்பதும் ஒரே நாளில், ஒரே வாக்கியத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த வாரமே பிளாங்க் ஓட்டினேன். பாறை இல்லாத அமிலத்தில் அதே ஈயம். பாறை கரைக்கும் என் கிண்ணங்கள்தான் சுத்தமாக இல்லை.

வேறு கிண்ணம் தேடி உன் டிராயரைத் திறந்தேன். பன்னிரண்டு டெஃப்லான் கிண்ணங்கள், வாரக்கணக்கில் அமிலத்தில் கொதிக்கவைத்துச் சுத்தம் பண்ணி, பையில் கட்டி, மேலே 'மைதிலிக்கு' என்று உன் கையெழுத்து. உடம்பு முடியாமல் எப்படி நின்றாய், ராத்தா? அப்போதாவது என் தோளைத் தொட்டுக் கூப்பிட்டிருக்கக் கூடாதா? கூப்பிட்டிருந்தால் நான் திரும்பியிருப்பேனா?

உன் கிண்ணங்களில் கரைத்தபோது ஐந்து பாறைகளும் சாதாரணப் பாறைகள் ஆகிவிட்டன. அவற்றைப் பற்றிப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்த கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நான் அழுதது அதற்காக இல்லை.

போன வாரம் உன் அண்ணன் வீட்டிலிருந்து உன் உம்மா ஃபோன் பண்ணினார்கள். "கடைசில உன் பேச்சாத்தான் இருந்தா புள்ள. ஏன் ஒரு ஃபோன்கூட பண்ணல?" வேலை அதிகம் என்று பொய் சொன்னேன். படிக்கிற பிள்ளைக்கு நேரம் ஏது என்று அவர்கள் என்னைத் தேற்றினார்கள்.

நீ பொறுக்கி வைத்த சிப்பிகளில் பாதி அளக்காமல் கிடந்தன. இப்போது நான் அளக்கிறேன். கட்டுரை உன் பெயரில்தான் போகும். அது எனக்குச் சுலபம். மார்ச் லீவில் சான்டா கிளாரா வருகிறேன். உம்மா முன்னால் உட்கார்ந்து, உன்னிடம் நான் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்வேன். வெளியே போ என்றால் போவேன். சொல்லாமல் மட்டும் திரும்ப மாட்டேன்.

நாலு மாதம் உன்னை ராத்தா என்று கூப்பிடாமலிருந்த தங்கை,
மைதிலி