பதினெட்டாம் மாடியின் கடைசிக் குஞ்சு

அன்புள்ள குட்டிம்மாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, அவளுடைய முழங்கால் வலி மூவரும் சௌக்கியம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாமல், நன்றாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. நீ அனுப்பிய குளிர்ச் சட்டையைக் கலர் நன்றாகவே இல்லை என்று சொல்லிக்கொண்டே அம்மா தினமும் போட்டுக்கொள்கிறாள்.

எங்கள் ஆபீஸ் கட்டிடத்தில் வல்லூறு குடிவந்ததைப் போனில் அரைகுறையாகச் சொன்னேன், முழுக்கதையைக் கேள். பதினெட்டாம் மாடிக்கு மேலே என் லிஃப்ட் மோட்டார் ரூம் இருக்கிறதல்லவா, அதன் ஜன்னலுக்கு வெளியே முழ அகலத்தில் ஒரு சிமெண்ட் விளிம்பு, அதில்தான் அந்த ஜோடி குடும்பம் நடத்தியது. கூடு கீடு எதுவும் கட்டவில்லை, அங்கே கிடந்த பொடி ஜல்லியை மார்பால் தள்ளிக் குழியாக்கி மூன்று முட்டை இட்டது, அவ்வளவுதான் வீடு. பாத்திரம் தேய்க்கிற வேலைகூட இல்லை, கொடுத்து வைத்தவள் என்றாள் உன் அம்மா. பெண்தான் பெரிது, ஆண் எடைபோட்டால் அதில் மூன்றில் இரண்டு பங்கு தேறும், ஆனால் குஞ்சு பொரித்த புதிதில் ஓடி ஓடி இரை கொண்டுவந்ததெல்லாம் அவன்தான், வானத்திலேயே கைமாற்றிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவான், அதட்டல் மட்டும் அவளுடையது, நம் வீட்டு வழக்கம்தான் என்று வைத்துக்கொள். புறா பறப்பதைப் பார்த்தால் இன்னும் மேலே போய், இறக்கையை மடக்கிக்கொண்டு கல் விழுவதுபோல் விழுவான், ரயிலெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. நமக்குத் தெரிவது கொஞ்சம் இறகு மட்டும்தான். அந்த இறகெல்லாம் மேனேஜர் கார் மேலேயே விழும், அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

இதையெல்லாம் எனக்கு விளக்குவது மூன்றாம் மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டரம்மா. மத்தியானம் பைனாகுலரும் கையுமாக மேலே வந்துவிடுவார். இந்தப் பறவைக்கு மேல் அலகின் ஓரத்தில் பக்கத்துக்கு ஒன்றாகப் பல் மாதிரி கூர் இருக்கிறதாம், இரையின் கழுத்தை ஒரே கடியில் முறிக்கத்தான் அது. சொத்தையே விழாத பல் என்று பெருமையாகச் சொன்னார், எல்லாருக்கும் அப்படி இருந்தால் தன் பிழைப்பு நடக்காது என்று வருத்தமும் பட்டுக்கொண்டார். விழுகிற வேகத்தில் காற்று மூச்சை அடைக்காமலிருக்க மூக்குத் துளைக்குள்ளே ஒரு சின்னக் குமிழ்கூட உண்டாம்.

ஆறு வாரத்தில் இரண்டு குஞ்சு பறந்துவிட்டது, மூன்றாவது மட்டும் அசையவில்லை. வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிக்கத் திங்கட்கிழமை கயிற்றுத் தொட்டில் கட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள். மேஸ்திரி நல்ல மனிதர், பார்க்க வந்த அன்று தாய்ப்பறவை அவர் தொப்பியைத் தட்டிவிட்டும் கோபப்படாமல் ஒரு வாரம் தள்ளிப்போட்டவர், அதற்கு மேல் அவராலும் முடியாது. பறக்கத் தெரியாத குஞ்சு பக்கத்தில் தொட்டில் இறங்கினால் மிரண்டு குதிக்கும், கீழே பதினெட்டு மாடி. எனக்குச் சோறு இறங்கவில்லை. நின்றதை ஓட வைத்தே முப்பது வருடம் பிழைத்தவன் நான், நிற்கிறது என்றால் ஏதோ பழுது என்றுதான் என் புத்தி போகும். சத்துப் போதவில்லை என்று முடிவுகட்டி, அம்மாவிடம் சொல்லிப் பச்சைக் கோழியைச் சின்னதாக நறுக்கி டப்பாவில் வாங்கிப்போய், கம்பி நுனியில் குத்தி ஜன்னல் வழியாக நீட்டினேன். மகராசி உட்கார்ந்த இடத்திலேயே தின்றாள். அவளைப் பெற்றவர்களோ காலில் புறாவைத் தொங்கவிட்டுக்கொண்டு எதிரே எதிரே பறந்து கத்துவார்கள், தரமாட்டார்கள். பெற்ற பிள்ளைக்கு ஆசை காட்டி ஏமாற்றுகிறார்களே என்று நான் ஜன்னலில் நின்று அவர்களைத் திட்டினேன். அந்த நேரம் மேனேஜர் ஏழாம் மாடியில் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு என்னைத் திட்டிக்கொண்டிருந்தாராம், அது தனிக்கதை.

நாலாம் நாள், வெள்ளிக்கிழமை, டாக்டரம்மா என் கையில் கம்பியைப் பார்த்துவிட்டார். "அண்ணே, அதுக்கு ஒண்ணும் ஆகல. அது பொண்ணு, உடம்பு கனம், தம்பிங்களவிட நாலு நாள் கூடத்தான் ஆகும். அப்பனும் ஆத்தாளும் பசியைக் காட்டி வெளியே கூப்பிடுறாங்க, நீங்க உள்ளேயே ஊட்டுறீங்க," என்றார். டப்பாவை மூடிவிட்டேன். சனிக்கிழமை முழுக்க அவள் ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள், நான் டப்பாவைத் திறக்கவில்லை. ஞாயிறு லீவு நாளிலும் போய் மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பத்து மணி இருக்கும், அப்பன்காரன் இரையோடு நேரே வந்து கடைசி நொடியில் திரும்பினான், இவள் எட்டிப் பிடிக்கப் போய் விளிம்பைவிட்டுப் போயே விட்டாள். இரண்டு மாடி அப்படியே விழுந்தாள், எனக்கு உயிரே இல்லை. அப்புறம் இறக்கை பிடித்துக்கொண்டது. எதிர்க் கட்டிடத் தண்ணீர்த் தொட்டி மேல் குப்புற விழுந்து, ஒன்றும் நடக்காதமாதிரி எழுந்து நின்றாள். அப்பன் அங்கே கொண்டுபோய்ப் புறாவைப் போட்டான். இப்போது தலைகீழாகத் திரும்பி அந்தரத்தில் வாங்கிக்கொள்கிறாள், அப்படி ஒரு திமிர்.

இனி உன் விஷயம். நீ போன நாளிலிருந்து தினமும் காலை ஐந்தரைக்கு நான்தான் போன் போட்டு உன்னை எழுப்புகிறேன். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் முதல் கூப்பிட மாட்டேன். போனில் சொன்னால் உன் குரலைக் கேட்டதும் பேச்சு மாறிவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். ஒருநாள் பிந்திப் போனாலும் தலை போகாது, நீ பார்த்துக்கொள்வாய். உடம்பைக் கவனித்துக்கொள். எல்லா நலமும் பெற்று நீண்ட ஆயுசோடு இரு, கண்ணு. அம்மாவும் அப்படியே சொல்லச் சொன்னாள். அலாரம் வைக்க மறக்காதே. ஐந்தரைக்கு நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன்.

என்றும் உன் நினைவாக,
அப்பா