கவிழ்த்த டம்ளர்

பதிவு 1. நாள் 212, காலை 09:10

காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. நிலையத்தில் ஆள் ஒன்று: நான், ஜெபசீலி, மனநல ஆலோசகர், சொந்த ஊர் பாளையங்கோட்டை. இதைக் கண்டெடுப்பவருக்காக, என் வேலை என்ன என்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

செவ்வாய்த் தரையில் சுரங்க முகாம் ஒன்று இருக்கிறது. நான்கு பேர். பூமியிலிருந்து ஒரு வார்த்தை வந்துசேர இருபது நிமிடம் ஆகும். அழுகிறவருக்கு இருபது நிமிடம் கழித்து வருவது ஆறுதல் இல்லை, இரங்கல் செய்தி. அதனால் நிறுவனம் என்னைத் தூக்கி இந்தத் தகர டப்பாவில் போட்டுச் செவ்வாயைச் சுற்ற விட்டிருக்கிறது. முகாமுக்கு மேலே வரும்போது நாற்பது நிமிடம் திரையில் பேசலாம். பிறகு கோளுக்குப் பின்னால் போய்விடுவேன். திரும்பி வர ஒன்றரை மணி நேரம். ஒருவர் அழத் தொடங்கும்போதுதான் தொடுவானம் வரும். இது சாபமா, வரமா என்று இன்னும் தெரியவில்லை.

இணையவழி ஆலோசனைக்கு நிறுவனம் தரும் கையேட்டை எழுதியதே நான்தான். முதல் மூன்று கேள்விகள்: எங்கே இருக்கிறீர்கள், கூட யார் இருக்கிறார்கள், கதவு சாத்தியிருக்கிறதா. அடுத்தது டம்ளர். நான்கு பேரும் வீட்டிலிருந்து பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர் கொண்டுவந்திருக்கிறார்கள். அது மேசையில் எனக்குத் தெரியும்படி இருக்க வேண்டும். அறையில் வேறு ஆள் இருந்து மனம்விட்டுப் பேச முடியாவிட்டால், வாய் திறக்க வேண்டாம், டம்ளரைக் கவிழ்த்தால் போதும்.

கையேட்டின் கடைசி விதி: சொல்லும் முகமும் முரண்பட்டால் முகத்தை நம்பு.

புழுதிப் புயல் வந்ததிலிருந்து இணைப்பு நூலாகிவிட்டது. அலுவலகம் 'சீராக்கி' என்று ஒரு மென்பொருள் அனுப்பியிருக்கிறது. குரலும் சில புள்ளிகளும் மட்டும் வந்தால் போதும், மீதி முகத்தை அதுவே வரைந்துகொள்ளும். போன வாரம் வரை கட்டம் கட்டமாகச் சிதறிய முகங்கள் இன்று பளிச்சென்று இருக்கின்றன. திட்டலாம் என்று உட்கார்ந்தவள் வாயை மூடிக்கொண்டேன்.

பதிவு 2. நாள் 214, பகல் 11:30

முகாமில் சாவு. மின் வேலை பார்த்த சுப்பராயலு துளைக் குழியில் சரிவில் சிக்கியதாகத் தலைமைத் துளைப்பாளர் தங்கப்பழம் அறிவித்தார். மூன்று பேரிடமும் தனித்தனியாகப் பேசினேன்.

தங்கப்பழத்தின் நெஞ்சில் கல்தூசி. பேசும்போது ஒவ்வொரு மூச்சின் நுனியிலும் மெல்லிய விசில் கேட்கும். புயலுக்கு முன்பிருந்தே, காற்றைச் சுத்தம் செய்யும் எந்திரத்திலிருந்து மற்றவர்கள் களவாடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். இன்று அந்தப் பேச்சே இல்லை.

"இப்ப எல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம். ஒரு ஆளு குறைஞ்சா காத்து கொஞ்சம் கூடத்தான செய்யும்."

ஆனால் முகத்தில் துக்கமும் அமைதியும்தான் இருந்தன. துக்கத்தில் மனிதர்கள் கண்டதையும் சொல்வார்கள் என்று குறித்துக்கொண்டேன்.

வெல்டர் இசக்கியம்மாள் மூக்கடைத்துப் பேசினாள். ஜலதோஷமாம். முகம் தெளிவு. டம்ளர் நிமிர்ந்திருந்தது.

"நல்லா இருக்கேன்க்கா. நல்லா உறங்குதேன். ஒண்ணும் இல்லக்கா."

எவ்வளவு தைரியமாக இருக்கிறாய் என்று பாராட்டினேன்.

பதிவு 3. நாள் 216, பகல் 13:05

செவிலியர் ஆரோக்கியம் வரவில்லை. உறங்குகிறார் என்றாள் இசக்கி. அவள் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. எவர்சில்வர் டம்ளர் வாய் கவிழ்ந்து இரும்பு மேசையில் உட்காரும் சத்தம். சாப்பாடு முடிந்து பாத்திரம் கவிழ்க்கிற வீட்டில் பிறந்த எவருக்கும் அது தெரியும்.

திரையில் டம்ளர் நிமிர்ந்தே இருந்தது. இம்மிகூட அசையவில்லை.

சீராக்கி முகத்தை மட்டும் வரையவில்லை. மேசையை, கைகளை, டம்ளரை, எல்லாவற்றையும் முதல் நாள் படத்திலிருந்து எடுத்து வரைந்திருக்கிறது. அன்று அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்றும் சிரிக்கிறாள்.

காட்டிக்கொள்ளாமல் மூச்சுப் பயிற்சி என்று பேச்சை இழுத்தேன். அவள் பக்கத்துக் கேமராவிலிருந்து சீராக்காத படம் ஒன்று கேட்டேன். அது மேலிருந்து கீழாக, ஒவ்வொரு வரியாகத்தான் வரும்.

முதலில் கூரை வந்தது. பிறகு அவள் தலை. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்திருக்கும் ஆண் கை. நெற்றியில் எலும்பு தெரியும் வெட்டு. இடது கண் இருந்த இடத்தில் கறுத்த வீக்கம். மூக்கு உடைந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதைத்தான் ஜலதோஷம் என்று நம்பியிருக்கிறேன்.

உதடு வருவதற்குள் தொடுவானம் வந்துவிட்டது.

பதிவு 4. நாள் 216, பகல் 15:20

மீதிப் படம் அடுத்த சுற்றில் வந்தது. கழுத்துக்குக் குறுக்கே துளைக்கம்பி. கீழே மேசை. மேசையில் டம்ளர் கவிழ்ந்திருந்தது. அதைச் சுற்றி வட்ட வட்டமாகக் காய்ந்த ரத்தம். இரண்டு நாளாகக் கவிழ்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறாள். நான் பாராட்டிக்கொண்டிருந்தேன்.

படத்தை அணைத்தேன். இனிக் காது மட்டும்தான். தங்கப்பழத்தை நேராக அழைத்தேன். மறைக்க அவருக்கும் பொறுமை தீர்ந்திருந்தது.

"சுப்பராயலு காத்தக் களவாண்டான் மேடம். கையும் களவுமா பிடிச்சேன். தலையில ஒரே போடு. நேத்து இவள அடிக்கும்போது ஆரோக்கியம் தடுக்க வந்தான். அவன் சாவ நேரம் எடுத்துச்சு. வெளிக் கதவத் தெறந்து தள்ளிவிட்டேன், கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டு நின்னேன். எனக்குக் கலம் மேல வரணும். ஒங்க கைரேகை வேணும். இல்லன்னா இவ வெரலு ஒண்ணொண்ணா."

ஏறுகலத்தில் இரண்டு இருக்கை. நிலையத்திலிருந்து என் கைரேகை போனால்தான் அது தரையை விட்டுக் கிளம்பும். பேசிப் பார்ப்போம் என்று தொடங்கினேன். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிவது போல ஒரு சத்தம். பிறகு இசக்கியின் அலறல். இன்னொன்று ஒடிந்தது.

இந்தத் தொழிலில் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு அவன் குரல்வளையைக் கடிக்க வேண்டும் போலிருந்தது. இனி அவனுக்கு 'ர்' விகுதி கிடையாது.

கைரேகை கொடுக்கிறேன், அவளை மட்டும் அனுப்பு என்றேன். கேமரா முன் வாயடைத்துப் போகிறவர்களிடம் படத்தை அணைத்துவிட்டு நடந்துகொண்டே பேசச் சொல்வது வழக்கம். அவனையும் நடக்க வைத்தேன். நடந்தான். தூத்துக்குடியில் விட்டுவந்த மகளைப் பற்றிப் பேசினான். ஏங்கி ஏங்கி அழுதான்.

"அனுப்பிருதேன் மேடம். அவள மட்டும் அனுப்பிருதேன். நான் இங்கனயே கெடந்து சாவுதேன். எம் புள்ளைகிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க."

கைரேகை வைத்தேன். கையேடு எழுதியவள் ஜெயித்துவிட்டாள் என்று ஒரு நிமிடம் பெருமையாகக்கூட இருந்தது.

பதிவு 5. நாள் 216, மாலை 17:02

கலம் ஏறிக்கொண்டிருக்கிறது. இசக்கியின் குரல் வந்தது. கூட யார் என்று கேட்டேன்.

"யாரும் இல்லக்கா. நான் மட்டுந்தான் வாரேன்."

சொல்லி முடித்ததும், டம்ளர் வாய் கவிழ்ந்து இரும்பில் உட்காரும் அதே சத்தம். விரல் ஒடிந்த கையோடு அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள், எனக்குச் சொல்வதற்காக.

காதைக் கூர்மையாக்கினேன். அவள் மூச்சுக்குப் பின்னால் இன்னொரு மூச்சு. நுனியில் விசில்.

வாசலைத் திறக்காமல் இருக்கலாம். கலத்தில் மூன்று மணி நேரக் காற்றுதான். இருவரும் செத்துவிடுவார்கள். நான் பிழைப்பேன். அதை யோசித்தேன் என்பதை எழுதி வைக்கிறேன்.

திறக்கப் போகிறேன். அவன் இரண்டு வருடம் தரையில் நடந்தவன். எடையில்லாத இடத்தில் முதல் பத்து நிமிடம் எவனும் குடலைக் கக்குவான். எனக்கு இது வீடு. விளக்குகளை அணைத்துவிட்டேன். ஓட்டப் பயிற்சி எந்திரத்தில் உடம்பைக் கட்டும் பட்டையை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டேன்.

ஒன்பது வருட வேலையில் ஆலோசனைக்கு வந்த ஆளோடு ஒரே அறையில் இருக்கப்போவது இதுதான் முதல் தடவை.

பதிவு 6. நாள் 216, மாலை 17:50

தங்கப்பழம் செத்துவிட்டான்.

அவளை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தான். இருட்டில் தலைகால் தெரியாமல் வாந்தி எடுத்தான். பின்னாலிருந்து பட்டையைக் கழுத்தில் போட்டு, சுவரில் காலை உதைத்து இழுத்தேன். கண்மூடித்தனமாகக் கம்பியை வீசினான். என் தோளைக் கிழித்தது. இரண்டாவது வீச்சு இசக்கியின் வயிற்றில் இறங்கியது. நான் விடவில்லை. விசில் நின்ற பிறகும் இழுத்தேன். கழுத்தெலும்பு நொறுங்கியது கையில் தெரிந்தது. இழுத்துக்கொண்டே இருந்தேன். வருத்தம் இல்லை.

ரத்தம் உருண்டை உருண்டையாக மிதக்கிறது. முகத்தில் மோதி உடைகிறது. இசக்கி வயிற்றை என் இரண்டு கையாலும் அமுக்கிக் கட்டியிருக்கிறேன். விழித்திருக்கிறாள். நான் கட்டும்போது, "சத்தம் கேட்டுச்சாக்கா?" என்றாள். கேட்டது என்றேன்.

மருத்துவக் கப்பல் ஒன்று அரைநாள் தொலைவில் போய்க்கொண்டிருக்கிறது. அலுவலகம் சொன்னால் திரும்பும். காணொளியிலும் எழுத்திலும் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன்.

பதிவு 7. நாள் 216, மாலை 18:45

பூமி அலுவலகத்திலிருந்து, மேற்பார்வையாளர் வைத்தியலிங்கம்:

"வணக்கம் ஜெபசீலி. உங்க செய்தியப் படிச்சோம், ரொம்ப அதிர்ச்சியா இருந்தது. ஆனா காணொளியப் பாத்தா நீங்க நிதானமா, சிரிச்ச முகமா உக்காந்திருக்கீங்க. குரல்லகூடப் பதற்றம் இல்ல. நிலையத்துலயும் எந்தச் சேதமும் தெரியல. சொல்லும் முகமும் முரண்பட்டா முகத்த நம்பணும்னு உங்க கையேட்டுலயே இருக்கு. ரொம்ப நாள் தனிமைல இருந்துட்டீங்க, இது நடக்கறதுதான். நீங்க தேறுற வரைக்கும் எந்தக் கப்பலும் நிலையத்தோட இணைய வேண்டாம்னு சொல்லியிருக்கோம். நல்லா ஓய்வெடுங்க."

பாவிகள் சீராக்கியைப் பூமி இணைப்பிலும் போட்டிருக்கிறார்கள். குரலையும் அது சீராக்குகிறது. என் அலறல் அங்கே காலை வணக்கம் போலக் கேட்டிருக்கிறது.

பச்சை பச்சையாகத் திட்டி அனுப்பினேன். அதையும் புன்னகையோடுதான் சொல்லியிருப்பேன்.

பதிவு 8. நாள் 216, மாலை 19:00

ஒரு வழி இருக்கிறது. சீராக்காத ஒரே ஒரு படம். பூமிக்கு அது முழுதாகப் போய்ச்சேர நான்கு மணி நேரம் ஆகும். கேமரா வரி வரியாகப் பிடித்து அனுப்பும், அதுவரை அசையக் கூடாது. அசைந்தால் கலங்கிவிடும், கலங்கினால் சீராக்கி உள்ளே புகுந்து வரைந்துவிடும்.

இசக்கியை மடியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்திருக்கிறேன். கீழே மேசையில் அவள் பெயர் வெட்டிய டம்ளரைக் கவிழ்த்து நாடாவால் ஒட்டியிருக்கிறேன். டம்ளரின் அர்த்தம் அலுவலகத்துக்குத் தெரியும். கையேட்டின் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. வலது கையை மட்டும் படத்துக்கு வெளியே வைத்து இதைத் தட்டுகிறேன்.

கூரை போய்க்கொண்டிருக்கிறது.

பதிவு 9. 20:30

என் தலைமுடி போகிறது. இசக்கி பேசினாள். மூக்கடைத்த அதே குரல்.

"யக்கா, இன்னும் எவ்வளவு நேரம் இப்பிடியே இருக்கணும்?"

கொஞ்ச நேரம் என்றேன். உதட்டை அசைக்காமல் சொன்னேன்.

பதிவு 10. 21:10

நெற்றி போகிறது. என் கைக்குக் கீழே ரத்தம் வருவது நின்றுவிட்டது. அது நல்லதுக்கு இல்லை.

குனிந்து அவளைப் பார்க்க முடியவில்லை. படம் கலங்கிவிடும். அழவும் முடியவில்லை. இசக்கி என்று கூப்பிட்டேன். கூப்பிட்டேன்.

பதிவு 11. 21:40

அலுவலகத்திலிருந்து:

"ஜெபசீலி, இப்ப நேரலைக் காணொளில இசக்கியம்மாளும் உங்க பக்கத்துல உக்காந்து சிரிச்சிட்டு இருக்காங்க. ரெண்டு பேரையும் நல்லபடியாப் பாத்ததுல எங்க எல்லாருக்கும் ரொம்ப சந்தோஷம். நீங்க அனுப்பிட்டிருக்கிற அந்தப் பெரிய படம் இணைப்ப அடைச்சுக்கிட்டிருக்கு. அத நிறுத்திடறோம்."

அவள் மூச்சு நின்று அரை மணி நேரம் ஆகிறது.

கண்வரை போயிருந்தது. டம்ளர் வரி வருவதற்கு இன்னும்