கார் இல்லாதவனுக்கு ஒரு பார்க்கிங்

மாமே, காத்தால பக்கத்து மனையில ஜேசிபி தோண்ட ஆரம்பிச்சுட்டான். ஈர மண்ணு வாசன கப்புனு ஏறிச்சு. ஒன் நெனப்பு வந்துடுச்சு. கோவில்பதாகையில நீ கெணறு வெட்டினப்ப இதே வாசன தான். தண்ணி ஊறுனதும் தெருவே வந்து குளிச்சுது. பொம்பளைங்க குடத்தோட நின்னப்ப, "கயிறு மட்டும் ஒங்க ஊட்டுலேர்ந்து கொண்டாங்க, தண்ணி என்னுது"ன்னு சிரிச்ச. எவனோ சோப்ப உள்ள போட்டுட்டான்னு நாள் பூரா திட்டிகினு இருந்தியே, அவன்... அது கெடக்கட்டும், நான் எங்கயோ போறேன்.

அந்த கெணத்த மூடித்தான் பில்டர் ஃபிளாட்டு கட்டினான். மனைய குடுத்த ஒனக்கு நாலாவது மாடில ஒரு ஊடு, கெணறு இருந்த எடத்துல ஒரு பார்க்கிங். ஒன்னாண்ட சைக்கிள் கூட கெடையாது. அங்க கயித்துக் கட்டில போட்டு குந்திகினு, போறவன் வர்றவன எல்லாம் "இன்னா நைனா, சாப்ட்டியா?"ன்னு கேப்ப. ஒருத்தனும் காதுல மாட்டினத கழட்டல. அப்புறம் அசோசியேஷன்ல கட்டிலயும் எடுக்க சொல்லிட்டானுங்க. அன்னிக்கு தான் சொன்ன, "மச்சான், நான் செத்தா இங்க தான் கெடத்தணும்."

செத்துட்ட. ஆஸ்பத்திரி வண்டியிலேர்ந்து ஒன்ன அங்கயே எறக்கி கெடத்தினோம். நம்ம தெருவுல பொணம் எடுக்கற வரைக்கும் எவன் ஊட்டுலயும் அடுப்பு எரியாது. இங்க மூணாவது மாடில மீனு வறுக்கறான். அத கூட உட்டுடலாம். செக்ரட்டரி எறங்கி வந்தாரு.

"அங்கிள், சீக்கிரம் எடுத்துடுங்க. குழந்தைங்க பயப்படுறாங்க."

"கொஞ்ச நேரம் சார். இவன் தங்கச்சி திருவள்ளூர்லேர்ந்து வந்துகினு கீது. கூடப் பொறந்தது, மூஞ்ச பாக்க வேணாமா?"

"நேரா சுடுகாட்டுக்கு வரச் சொல்லுங்களேன்."

"எங்கள்ல பொம்பளைங்க சுடுகாடு வர்றதில்ல சார். இது அவன் எடம்."

"இது கார் வெக்கற எடம் அங்கிள்."

பின்னாடி ஒருத்தன் ஆரன் அடிச்சான். ஒன் புள்ள தல குனிஞ்சுகினு, "எடுத்துடலாம் மாமா"ன்னான். பாவம், அவன் இங்கியே குடியிருக்கணுமே. எடுத்துகினு போய்ட்டாங்க. தங்கச்சிக்காக நான் மட்டும் நின்னேன்.

ரோசா மாலையோட ஷேர் ஆட்டோல வந்து எறங்கிச்சு. "எங்க கெடத்தினீங்கண்ணா?"ன்னு கேட்டுச்சு. கைய காட்டினேன். அதுக்குள்ள அங்க எவனோ வெள்ள காரு ஒண்ண உட்டுட்டு போயிருந்தான். தங்கச்சி மாலைய அந்த காரு மேலயே போட்டுச்சு. கையெடுத்துக் கும்பிட்டுகினு நின்னுச்சு. அழக்கூட இல்ல.

லிஃப்ட்லேர்ந்து ஒரு பொண்ணு வந்துச்சு. மாலைய பாத்துட்டு நல்லா சிரிச்ச மொகமா, "புது காரா ஆன்ட்டி? கங்கிராட்ஸ்!"ன்னுட்டு போய்டுச்சு.

இப்பல்லாம் ரோட்டுல மாலை போட்ட புது காரு எது வந்தாலும், செருப்ப கழட்டிட்டு ஓரமா நின்னுடறேன் மாமே. உள்ள இருக்கறவன் கண்ணாடிய எறக்கி, எனக்கு லட்டு குடுக்கறான்.