இரண்டு கையையும் காட்டு

புதூர்,
மார்கழி 12

அன்பு மகன் கார்த்திகேசனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, தங்கச்சி, மாடு கன்று எல்லாரும் சுகம். கனடாவில் நீயும் சுகம் என்று நீதான் சொல்லுகிறாய், அதை நான் இன்னும் நம்பவில்லை.

போனில் அனுப்பினால் அப்பா கண்ணில் படும் என்றுதான், லீவு முடிந்து உன் பண்ணைக்கே திரும்புகிற ஜேம்ஸ்ராஜிடம் கடலைமிட்டாயோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். உளுந்து நன்றாகக் காய் பிடித்திருக்கிறது, தை பிறந்ததும் பிடுங்கவேண்டும். வெள்ளாடு இரட்டைக் குட்டி போட்டது. நம் பழைய டிராக்டர் மார்கழிப் பனியில் லேசில் கிளம்பாது என்பது உனக்குத் தெரியும். கம்பில் துணி சுற்றி டீசலில் நனைத்துக் கொளுத்தி, இன்ஜின் காற்று இழுக்கிற வாயருகே அப்பா பிடிப்பார்கள், நீ மேலே உட்கார்ந்து சாவியைத் திருப்புவாய், அந்தச் சூட்டை இழுத்துக்கொண்டு வண்டி இருமி இருமிக் கிளம்பும். பிறகு நீயே தனியாகச் செய்யப் பழகினாய். இருபது வருஷமாக நடந்த காரியம். போன செவ்வாய்க்கிழமை அப்பா கோவில்பட்டிக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கிவந்து, அந்தக் கம்பை ஒடித்து அடுப்பில் வைத்துவிட்டார்கள். கேட்டதற்கு, "வயசாயிட்டுல்லா, நெருப்போட எதுக்கு வெளையாட்டு" என்றார்கள். வயதானதை ஒரு நாளும் ஒத்துக்கொள்ளாத மனுஷர். அதற்கு முந்தின நாள்தான் நீ கூப்பிட்டபோது போனை எடுத்துக்கொண்டு கிணற்றடி வரைக்கும் போய்ப் பேசினார்கள்.

அன்றிலிருந்து வீடியோவில் உன் இடது கையைக் காணோம். ஒரு தடவை பைக்குள், ஒரு தடவை போர்வைக்குள், மூன்றாம் தடவை அறைக்குள்ளேயே கையுறை. குளிருது என்றாய். வலது கைக்குக் குளிரவில்லையா? அங்கே வண்டியை எப்படி எடுப்பார்கள் என்று ஜேம்ஸ்ராஜிடம் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். முந்தின நாளே வண்டியின் ஹீட்டர் வயரைக் கரண்டில் சொருகி இன்ஜினைச் சூடாக வைப்பார்களாம். மறந்துவிட்டால் சிலர் காற்று வாயில் ஒரு மருந்து அடிப்பார்களாம், அது பெட்ரோலைவிட வேகமாகப் பற்றுமாம். அந்த இடத்தில் ஒருத்தன் தீயைக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்றேன். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை சட்டென்று நிறுத்திவிட்டு, "அத்தே, நான் ஒண்ணும் சொல்லலை பாத்துக்கிடுங்க" என்றான். உன் பெயரையே நான் எடுக்கவில்லை.

சொருக மறந்து, முதலாளி திட்டுவார் என்று பயந்து, நம் ஊர் வித்தையைச் செய்துபார்த்தாய் என்று நினைக்கிறேன். தப்பு உன்மேல் மட்டும் இல்லை, பழக்கிவிட்ட வீட்டின்மேலும் இருக்கிறது, அதனால்தான் அப்பா கம்பை ஒடித்தார்கள். வேலை போய்விடுமோ என்று டாக்டரிடம் காட்டாமல் மறைத்துவைத்தால் புண் சீழ் பிடிக்கும். முதலாளியிடம் நீயே வாய் திறந்து சொல். வேலை போனால் போகட்டும், உளுந்து பிடுங்க இங்கே ஆள் கிடைக்கவில்லை.

செண்பகவல்லி அம்மன் உன்னை எந்தக் குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது போனை எதிலாவது சாய்த்து வைத்துவிட்டு, கையுறை இல்லாமல் இரண்டு கையையும் சேர்த்துக் காட்டு. வலது கையையே இரண்டு தடவை காட்டி ஏமாற்றப் பார்க்காதே. இடது கட்டைவிரலில் பண்ணரிவாள் பட்ட தழும்பு உண்டு. அது இருக்கிறதா என்று நான் பார்க்கவேண்டும்.

உன் குரலை மட்டும் நம்பாத அம்மா,
ஆவுடைத்தாய்