ஒரே பெட்டியில் இரண்டு பேர்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே, கை கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

அண்ணனை ஊருக்கு அனுப்ப, போன வாரம் இங்கே அவனைப் புதைத்த குழியைத் தோண்டினோம். உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். கப்பலில் அண்ணனைக் கத்தியால் குத்தினானே சமையல்காரன், சாவதற்கு முன் அண்ணன் சுத்தியலால் அவன் மண்டையைப் பிளந்தானே, அவனையும் அங்கேயே போட்டு மூடியிருக்கிறார்கள். மண்டையை வைத்து யார் யாரென்று தெரிந்தது. மற்ற எலும்பெல்லாம் பின்னிக் கிடந்தது.

"பாதிப் பாதியா அள்ளிக்கோ. எலும்புல என்ன பேரா எழுதியிருக்கு?" என்று குழிவெட்டி சிரித்தான். முகத்தில் ஓங்கிக் குத்தினேன். அவனுக்கு நான்கு பல் போய்விட்டது. அதற்காக மூன்று மாதம் இங்கேயே இருக்க வேண்டுமாம். சாப்பாடு நேரத்துக்கு வருகிறது. குளிர்தான் தாங்கவில்லை. என் போர்வையை அனுப்பு, துவைக்காமல் அனுப்பு.

இரண்டு பேரையும் ஒரே பெட்டியில் அனுப்பிவிட்டேன். பத்து வருஷமாக நீ மண்ணை வாரித் தூற்றுகிறாயே, அந்தச் சமையல்காரனின் அம்மா, அவளுக்கும் எழுதியிருக்கிறேன். மகனைத் தேடி நம் வீட்டுக்குத்தான் வருவாள். கதவைச் சாத்திவிடாதே.

காவலர் பேனாவைத் திருப்பிக் கேட்கிறார்.

உன் சின்னவன்