டிபன் அடுக்கில் வந்த வண்டுகள்

நெய்வேலி, பிளாக் 18

அன்பு மகள் அருள்மொழிக்கு அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலி தவிர இங்கே எல்லாம் நலம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம். முருங்கை காய்த்துத் தள்ளுகிறது, தின்ன ஆளில்லை, பாதியை அப்பாவோடு ஷிஃப்ட் பார்க்கும் கண்ணையன் வீட்டுக்குக் கொடுத்தேன்.

உன் பரோடா கண்காட்சி அழைப்பிதழ் வந்தது. வட்டத்துக்குள் வண்டும் அந்துப்பூச்சியுமாக நீ வரைந்திருப்பது நம் டிபன் கேரியர்தான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அப்பாவும் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். ஆனால் கீழே, சிறுவயதில் நீ காட்டில் தனியாகத் திரிந்து சேர்த்த பூச்சிகளின் நினைவு என்று அச்சடித்திருக்கிறது. அதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பரோடா வரைக்கும் என்னால உக்கார முடியாது, நீ மட்டும் போயிட்டு வா" என்றார். முந்தின நாள் வரை ஷிஃப்டில் எல்லோரிடமும் ரயில் டிக்கெட்டைக் காட்டிக்கொண்டிருந்த மனிதர்.

எந்தக் காட்டைக் கண்டாய் நீ? நைட் ஷிஃப்டில் மைன்ஸ் விளக்கடியில் விழுந்த பூச்சிகளை, கழுவிய அடுக்கில் வைத்து, மேலே வாழையிலைத் துண்டு மூடி, சைக்கிளில் குலுங்காமல் கொண்டுவந்தது அவர். நீ பல்கூடத் தேய்க்காமல் வாசலில் நிற்பாய். ஒருநாள் அவர் சொல்ல மறந்து தூங்கிவிட்டார், சாதத்துக்குத்தான் இலை போட்டிருக்கிறார் என்று நான் அதன்மேலேயே எலுமிச்சை சாதத்தை வைத்துக் கட்டிவிட்டேன். கேண்டீனில் இலையோடு வண்டும் வந்ததாம். கண்ணையன் இன்றைக்கும் "தங்கச்சி, இன்னைக்கு என்ன வறுவல்?" என்று கேட்கிறார். இதெல்லாம் நீ மறந்திருக்க மாட்டாய். யாரோ எழுதிக் கொடுத்ததாகவே இருக்கட்டும், எனக்கும் வருத்தம்தான். கண்காட்சியில் வைப்பதற்குள் அந்த வரியை மாற்ற இன்னும் நாள் இருக்கிறது. மாற்றிவிட்டு அவரிடம் நீயே பேசு, நான் சொன்னதாகச் சொல்லாதே.

நேற்று சாயங்காலம் கேரியரைக் கழுவ எடுத்தேன். அடி அடுக்கில் வாழையிலைத் துண்டு, தூக்கினால் கொம்பு வைத்த கருவண்டு ஒன்று. எத்தனை வருஷம் கழித்து! யாருக்கு என்று கேட்டேன். "யாருக்கும் இல்ல, சும்மா கெடந்துச்சி" என்றார்.

நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியம் கைகூடி நீ நூறு வயது இருக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் வை. இன்று அப்பா இரண்டு அடுக்கோடுதான் வேலைக்குப் போனார். மூன்றாவது அடுக்கு, இலை மூடிய வண்டோடு, அலமாரி மேல் உன் அழைப்பிதழ் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
புஷ்பவல்லி